கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங்கும் தோட்டா ரீலோடிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரிசோனாவில், பீனிக்ஸ் பக்கம், மாதாமாதம் கௌபாய் ஷூட்டிங் போட்டிக்குப் போகிறவன் நான். அதற்கான தோட்டாக்களையும் வீட்டிலேயே ரீலோட் செய்துகொள்கிறேன், அதாவது சுட்ட காலிக் கூட்டைத் திரும்ப நிரப்பிக்கொள்கிறேன். இங்குள்ள தமிழ் நண்பர்களை எங்கே பார்த்தாலும், பொங்கல் விழாவானாலும் பிறந்தநாள் விருந்தானாலும், பேச்சு இதில் வந்து நின்றுவிடுகிறது. கேள்விகளும் கிட்டத்தட்ட அதேதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, தெரிந்ததைக் கீழே சொல்லியிருக்கிறேன். முதல் பாதி போட்டியைப் பற்றி, இரண்டாம் பாதி ரீலோடிங் பற்றி. ரீலோடிங் மட்டும் வேண்டும் என்பவர்களும் முதல் பாதியைப் படித்துவிட்டு வாருங்கள், பல விஷயங்களுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

இது என்ன விளையாட்டு? ஜெய்சங்கர் படத்துல வர்ற மாதிரி ரெண்டு பேர் எதிரும் புதிருமா நின்னு சுட்டுக்குவீங்களா?

இல்லவே இல்லை. தோட்டா போட்ட துப்பாக்கியின் முனை ஒரு மனிதர் பக்கம் திரும்பினாலே போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். சுடுவது இரும்புத் தகடுகளை, அதுவும் ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க மேற்கில் புழங்கிய வகைத் துப்பாக்கிகள்தான் அனுமதி: இரண்டு சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர், ஒரு லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள், ஒரு ஷாட்கன். ரிவால்வரில் ஒவ்வொரு முறையும் ஹேமரை, அதாவது பின்னால் உள்ள சுத்தியலை, கையால் இழுத்துச் சுட வேண்டும். ரைஃபிளில் கீழே உள்ள லீவரை ஆட்டினால் அடுத்த தோட்டா ஏறும். ஷாட்கன் சிறு உருண்டைகளைச் சிதறவிடும். அசலாக இருக்கலாம், இப்போது செய்த நகலாகவும் இருக்கலாம். 1980-களின் தொடக்கத்தில் தெற்குக் கலிபோர்னியாவில் ஆரம்பித்தது, 1987-இல் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி உருவானது. எல்லோரும் ‘சாஸ்’ என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலான கிளப்புகள் அவர்கள் விதிப்புத்தகப்படிதான் நடத்துகின்றன.

ஒரு சுற்றுக்குப் பெயர் ஸ்டேஜ். வழக்கமாக ரிவால்வரில் 10, ரைஃபிளில் 10, ஷாட்கனில் 4 அல்லது அதற்கு மேல். எந்தத் தகட்டை எந்த வரிசையில் அடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். டைமர் ‘பீப்’ என்றதும் தொடங்க வேண்டியதுதான். குறி தவறினால் ஒவ்வொன்றுக்கும் 5 நொடி கூடும், வரிசை தப்பினால் 10 நொடி. குறைந்த நேரம் எடுத்தவர் முன்னால். கைதேர்ந்தவர்கள் 20 நொடிக்குள் முடிப்பார்கள், புதியவருக்கு ஒரு நிமிடம் தாண்டலாம், அதற்காக யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

என்கிட்ட துப்பாக்கியே இல்ல. சும்மா வந்து பார்க்கலாமா?

தாராளமாக. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான் இரண்டும் பார்வையாளருக்கும் கட்டாயம், அதை மட்டும் கொண்டு வாருங்கள். பீனிக்ஸில் பென் ஏவரி மைதானத்தில் ஒவ்வோர் ஆண்டும் ‘வின்டர் ரேஞ்ச்’ என்ற தேசியப் போட்டி நடக்கும், பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் பழக ஆசை இருந்தால் உள்ளூர் கிளப்பின் மாதப் போட்டிக்கு வருவதே நல்லது. கூட்டம் குறைவு, நின்று பேச நேரம் இருக்கும். நீங்கள் சட்டப்படி சுடத் தகுதியானவர் என்றால், இரண்டாவது முறை வரும்போது யாராவது தம் துப்பாக்கியையும் தோட்டாவையும் கையில் கொடுத்து ‘சுட்டுப் பாருங்கள்’ என்பார்கள். இந்தக் கூட்டத்தின் பெருந்தன்மை அப்படி.

அண்ணா, நான் எச்-1பி விசாவில் இருக்கேன். சுடலாமா?

இதைத்தான் நம்மவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், ஆனால் கடைசியில்தான் கேட்கிறார்கள். எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு. அதில் நடைமுறையில் அதிகம் பயன்படுவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை கிடையாது.

மைதானத்தில் நண்பர் கையில் கொடுத்து ஐந்து நிமிடம் சுடுவதும் ‘வைத்திருத்தல்’ கணக்கில் வரக்கூடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. இன்னொன்று, அந்தச் சட்டத்தில் தோட்டா என்றால் முழுத் தோட்டா மட்டும் இல்லை. காலிக் கூடு, ப்ரைமர் (கூட்டின் அடியில் தட்டியதும் பொறி தரும் சிறு மூடி), புல்லட் (குழலிலிருந்து பறக்கும் குண்டு), மருந்து (வெடிமருந்துத் தூள்) ஒவ்வொன்றுமே தோட்டாதான். அதனால் ‘துப்பாக்கி பிறகு, இப்போதைக்கு ரீலோடிங் சாமான் வாங்கி வைக்கிறேன்’ என்பதும் உதவாது. குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். விசா போய்விட்டால் எந்த விளையாட்டும் அதற்கு ஈடில்லை.

எனக்கு கிரீன் கார்டு, வீட்டுக்காரருக்கு இன்னும் எச்-1பி. என் துப்பாக்கியை வீட்டில் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் அவர் கைக்கு எட்டக் கூடாது. பூட்டுள்ள பெட்டகம், சாவியோ எண்ணோ உங்களிடம் மட்டும். தோட்டாவும் ரீலோடிங் சாமானும் அதே மாதிரிதான், காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது. சுத்தம் செய்து கொடுக்கிறேன், பெட்டியை எடுத்து வைக்கிறேன் என்று அன்பாக வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தொப்பி, பூட்ஸ், பட்டப்பெயர் எல்லாம் கட்டாயமா? கூச்சமா இருக்கு.

சாஸ் போட்டிகளில் கட்டாயம். உடை 19-ஆம் நூற்றாண்டின் பின்பகுதி அல்லது பழைய கௌபாய் படங்களின் பாணியில் இருக்க வேண்டும். பேஸ்பால் தொப்பி, ஓட்டப் பந்தயக் காலணி, ஆண்களுக்கு அரைக்கைச் சட்டை இதெல்லாம் கூடாது. முழுக்கைப் பருத்திச் சட்டை, சாதாரண ஜீன்ஸ், தோல் பூட்ஸ், ஒரு தொப்பி, இவ்வளவு இருந்தால் தொடங்கிவிடலாம். பட்டப்பெயரைப் பதிவு செய்யும்போது வேறு யாருக்கும் இல்லாததாக இருக்க வேண்டும். மைதானத்தில் எல்லோரும் அந்தப் பெயரில்தான் கூப்பிடுவார்கள், ஆண்டுக்கணக்கில் பழகியவர்களின் சொந்தப் பெயர்கூட எனக்குத் தெரியாது. கூச்சம் முதல் ஸ்டேஜ் முடிவதற்குள் போய்விடும்.

மொத்தம் நாலு துப்பாக்கியா? எதை முதலில் வாங்கறது?

ஆமாம், நான்கு. ஒரே நேரத்தில் வாங்க வேண்டாம். முதலில் இரண்டு போட்டிகளில் இரவல் வாங்கிச் சுடுங்கள், கைக்கு எது பொருந்துகிறது என்று தெரியும். என் யோசனை, ரைஃபிளில் தொடங்குங்கள். 1873 மாடல் வின்செஸ்டரின் இத்தாலிய நகலை, உபெர்டி கம்பெனி செய்வது மாதிரி, பெரும்பாலோர் வைத்திருப்பார்கள். லீவர் வழுக்கிக்கொண்டு போகும், உதிரி பாகமும் பழுது பார்ப்பவரும் எளிதில் கிடைப்பார்கள். ரிவால்வருக்கு ரூகர் வக்கேரோ உழைப்பாளி, 1873 கோல்ட்டின் நகல்களும் நன்றாக இருக்கும். ஷாட்கனுக்கு இரட்டைக் குழல் போதும், காலிக் கூட்டைத் தானாகத் தூக்கி எறியும் வகை மட்டும் கூடாது.

பழைய சாமான் கடையில் அழகான அசல் துப்பாக்கி கிடைத்தது என்று பலர் படம் அனுப்புகிறார்கள். 1900-க்கு முந்தைய கோல்ட், முறுக்குக் கம்பியில் அடித்த டமாஸ்கஸ் குழல் ஷாட்கன் இவையெல்லாம் கருமருந்து, அதாவது புகை கக்கும் பழைய வெடிமருந்து, புழங்கிய காலத்துப் பொருள்கள். இன்றைய புகையில்லா மருந்தின் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை இல்லை. அந்தக் காலத் துப்பாக்கிகளை அறிந்த கம்மியர் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை அவை சுவரில் தொங்கட்டும்.

.38ஆ, .45ஆ? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இவை தோட்டா அளவுகள். புதியவருக்கு .38 ஸ்பெஷல், யோசிக்கவே வேண்டாம். உதைப்பு குறைவு, காலிக் கூடு எங்கும் கிடைக்கும், புல்லட்டுக்கு ஈயமும் மருந்தும் குறைவாகப் போதும். துப்பாக்கி .357 மேக்னமாக இருந்தாலும் அதில் .38 ஸ்பெஷல் சுடலாம், ஆனால் .38 துப்பாக்கியில் .357 கூடாது. இரண்டு ரிவால்வரும் ரைஃபிளும் ஒரே தோட்டாவாக இருந்தால் ரீலோடிங் மேசையில் பாதி வேலை மிச்சம்.

.45 கோல்ட் அழகுதான், சரித்திரம் இருக்கிறது. ஆனால் அதன் கூடு பெரியது, சுவர் தடிமன். மெதுவான லோடில் (மருந்து குறைவாகப் போட்ட தோட்டாவில்) கூடு விரிந்து, தோட்டா உட்காரும் அறையை அடைக்காமல் ரைஃபிளில் கரியும் வாயுவும் முகத்துக்குத் திரும்பும். .44-40 மெல்லிய கழுத்து என்பதால் நன்றாக அடைத்துக்கொள்ளும். கருமருந்து சுடுகிறவர்கள் அதை விரும்புவது அதனால்தான். பதிலுக்கு, ரீலோட் செய்யும்போது மசகு போட வேண்டும், கழுத்து சீக்கிரம் நசுங்கும். அனுபவம் வந்த பிறகு அதற்குப் போகலாம்.

ஆறு தோட்டா போடற ரிவால்வர்ல ஏன் அஞ்சு மட்டும்?

பழைய வகை ரிவால்வரில் ஹேமரின் முனை நேராக ப்ரைமர்மேல் உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்தாலோ தட்டினாலோ வெடித்துவிடும். அதனால் ஹேமருக்குக் கீழே உள்ள அறை காலியாக இருக்க வேண்டும். புதிய ரூகரில் அதைத் தடுக்கும் அமைப்பு இருந்தாலும் விதி எல்லோருக்கும் ஒன்றுதான்.

சுடும் முன் தோட்டா போடும் லோடிங் மேசையில் இப்படிச் செய்வோம்: ஒரு தோட்டா போடு, ஓர் அறையை விடு, அடுத்த நான்கில் நான்கு போடு, ஹேமரை முழுக்க இழுத்து மெதுவாகக் கட்டை விரலால் இறக்கு. காலி அறை சரியாகக் கீழே வந்து உட்காரும். பக்கத்தில் இருப்பவர் பார்த்துத் தலையாட்டுவார், அதன் பிறகுதான் உறை. அந்த நேரத்தில் யாரும் அரட்டை அடிக்கக் கூடாது. பேச்சு கொடுக்கிறவரிடம் ‘சுட்டுட்டு வந்து பேசலாம்’ என்று சொல்லிவிடலாம், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கடையில விக்கிற தோட்டாவே போதாதா? எதுக்கு வீட்டுல உட்கார்ந்து செய்யணும்?

ஆறு ஸ்டேஜ் போட்டி ஒன்றுக்கு ரிவால்வருக்கும் ரைஃபிளுக்கும் சேர்த்து 120 தோட்டா, பயிற்சி தனி. கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது. அதைவிட முக்கியம், கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி இந்த விளையாட்டுக்கு ஒவ்வாது. விதிப்படி ஈயப் புல்லட்தான். தாமிரச் சட்டை போட்டது, தாமிரம் பூசியது, பின்னால் தகடு வைத்தது எதுவும் கூடாது. ரிவால்வர் இலக்கு 7 முதல் 10 கஜத்தில்தான் நிற்கும். அந்த நெருக்கத்தில் தாமிரம் தகட்டில் பட்டுத் துண்டு துண்டாகத் திரும்பி வரும், ஈயம் தட்டையாகி உதிரும். ஈயத்தின் மேல் பாலிமர் பூசியதை ஏற்றுக்கொள்கிறார்கள், அது கைக்கும் குழலுக்கும் சுத்தம்.

கௌபாய் லோடு என்று பெட்டி போட்டு விற்பதும் உண்டு, முதல் சில மாதங்களுக்கு அதை வாங்குங்கள். காலிக் கூடுகளை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். .38 கூடு மெதுவான லோடில் பத்து முறைக்கு மேலும் உழைக்கும், வாய் கீறும்போது ஒதுக்கினால் போதும்.

ரீலோடிங்னா சரியா என்ன செய்றீங்க? கேட்டாலே பயமா இருக்கு.

தோட்டாவில் நான்கு பொருள்: பித்தளைக் கூடு, ப்ரைமர், மருந்து, புல்லட். சுட்ட பிறகு கூடு மட்டும் மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து, ஒரு டையில் (எஃகு அச்சில்) விட்டுப் பழைய அளவுக்கு இறுக்கி, செத்த ப்ரைமரைத் தள்ளிவிட்டு, புதியதை அழுத்துகிறோம். அடுத்த டை வாயைக் கொஞ்சம் விரிக்கும். மருந்து விழும். புல்லட்டை வைத்து அழுத்தி, வாயைத் திரும்ப உள்பக்கம் மடிக்கிறோம், அதுதான் கிரிம்ப். கார்பைடு டை வாங்கினால் .38க்கும் .45க்கும் மசகு தேவையில்லை.

பயம் நல்லதுதான், போய்விட வேண்டாம். முறையாகச் செய்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கெடுவது பெரும்பாலும் கவனம் சிதறும்போது. நான் மேசையில் உட்கார்ந்தால் தொலைபேசி வேறு அறையில், பாட்டு கிடையாது, மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பா. யாராவது கூப்பிட்டால் கையில் இருக்கும் கூட்டைக் கவிழ்த்து மருந்தைத் திரும்பக் கொட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

எந்த மெஷின் வாங்கணும்? டில்லான் வாங்கினா மணிக்கு நூத்துக்கணக்குல வருமாமே.

வரும். டில்லான் 550, 750 போன்றவற்றில் ஒவ்வொரு இழுப்பிலும் பல வேலை சேர்ந்து நடக்கும். அதனாலேயே புதியவருக்கு அதை முதலில் சொல்ல மாட்டேன். ஒரே நேரத்தில் நான்கு இடத்தைக் கவனிக்க இன்னும் கண் பழகியிருக்காது. ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் மாதிரி ஒற்றை நிலைப் பிரஸ், அல்லது லீ டரட் பிரஸ் வாங்கி முதல் ஆயிரம் தோட்டாவை அதில் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் கைக்குத் தெரியும். பிறகு பெரிய பிரஸ் வாங்கினாலும் இது வீணாகாது.

பிரஸ்ஸைவிட நல்ல தராசில் காசு போடுங்கள். சோதனை எடைக்கல் வைத்து ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் சரிபாருங்கள். மின்தராசு சூடேறும்வரை எண் நகரும், மின்விசிறிக் காற்றுக்கும் நகரும்.

மருந்து எத்தனை கிரெய்ன் போடணும்? உங்க நம்பரை மட்டும் சொல்லுங்க, நான் பார்த்துக்கறேன்.

சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம், ஒரு பவுண்டுக்கு 7,000. அரை கிரெய்ன் மாறினாலே கதை மாறும். என் எண் என் புல்லட்டுக்கும் என் ப்ரைமருக்கும் நான் அழுத்தும் ஆழத்துக்கும் சேர்ந்தது. லைமன் என்ற ரீலோடிங் கையேட்டை வாங்குங்கள், மருந்துக் கம்பெனி வெளியிடும் அட்டவணையைப் பாருங்கள், இரண்டையும் ஒப்பிடுங்கள். அதே எடை, அதே வகை ஈயப் புல்லட்டுக்குக் கொடுத்த தொடக்க அளவில் ஆரம்பியுங்கள். .45 கோல்ட் பகுதியில் ‘ரூகருக்கு மட்டும்’ என்று தனி அட்டவணை இருக்கும், அது நமக்கு இல்லை. பழைய வடிவ கோல்ட் நகலை அது கிழித்துவிடும்.

விதிப்படி எல்லைகள் இவை: ரிவால்வரில் வேகம் நொடிக்கு 1,000 அடிக்கு மேல் போகக் கூடாது, ரைஃபிளில் 1,400. கீழெல்லை 400 அடி, அதோடு பவர் ஃபேக்டர் 60 வர வேண்டும். புல்லட் எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பதுதான் பவர் ஃபேக்டர். 125 கிரெய்ன் புல்லட் 700 அடியில் போனால் 87.5, தாராளம். 105 கிரெய்ன் 550 அடியில் போனால் 57.75, தேறாது. வேகத்தை அளக்கும் கருவியான குரோனோகிராஃப் ஒன்று இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை.

உதைப்பே இல்லாம இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கலாமே?

முன்னணியில் இருப்பவர்கள் மெல்லிய லோடுதான் சுடுகிறார்கள், உண்மை. ஆனால் கையேட்டின் தொடக்க அளவுக்குக் கீழே போவது கூடுவதைப் போலவே ஆபத்து. மருந்து போதாமல் புல்லட் குழலுக்குள்ளேயே நின்றுவிடும். .45 கோல்ட் கூட்டில் வேகமாக எரியும் மருந்தைக் கொஞ்சம் போடுவது பெரிய அண்டாவில் ஒரு பிடி அரிசி போட்ட மாதிரி. துப்பாக்கியைச் சாய்க்கும் பக்கமெல்லாம் ஓடும், ப்ரைமர் பக்கம் இருந்தால் ஒரு வேகம், புல்லட் பக்கம் இருந்தால் இன்னொரு வேகம். இதற்காகவே வந்தது டிரெயில் பாஸ் என்ற உப்பிய மருந்து, கூட்டை நன்றாக நிரப்பும். ஆனால் சில ஆண்டுகளாகக் கடைகளில் கிடைப்பதே அரிதாகிவிட்டது. உதைப்பு குறைய வேண்டுமானால் புல்லட்டின் எடையைக் குறையுங்கள், அந்த எடைக்கான அட்டவணையைப் பாருங்கள்.

ரெண்டு தடவை மருந்து விழுந்துட்டா தெரியுமா?

.38இல் தானாகத் தெரியாது, அதுதான் அபாயம். வேகமாக எரியும் மருந்து கூட்டின் அடியில் கொஞ்சம்தான் இருக்கும். இரட்டிப்பாக விழுந்தாலும் வழியாது, புல்லட்டும் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். சுடும்போது உருளை பிளக்கலாம், மேல்பட்டை பெயர்ந்து போகலாம், கையும் கண்ணும் பக்கத்தில்தான் இருக்கின்றன.

அதனால் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் கண்ணால் பார்த்த பிறகுதான் புல்லட் வைக்க வேண்டும். ஒற்றைப் பிரஸ் என்றால் 50 கூடுகளைத் தட்டில் நிறுத்தி மேலிருந்து விளக்கடித்துப் பாருங்கள், மட்டம் மாறியது கண்ணில் குத்தும். டில்லான் மாதிரிப் படிநிலைப் பிரஸ் என்றால் புல்லட் வைக்கும் இடத்துக்கு நேர் மேலே ஒரு சிறு விளக்கு பொருத்துங்கள். மருந்து மட்டத்தைச் சோதிக்கும் தனி டையும் கிடைக்கிறது, இடம் இருந்தால் போடுங்கள். அதை நம்பிக் கண்ணால் பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். சந்தேகம் வந்த தோட்டாவைச் புல்லட்டை உருவி எடுக்கும் சுத்தியல் வடிவப் புல்லர் வைத்துப் பிரித்துவிடுங்கள், ஒன்று தெரியவில்லை என்றால் அந்தத் தட்டு முழுவதையும்.

சுடும்போது ‘டப்’புனு சின்னதா சத்தம் வந்துச்சு. அடுத்ததைச் சுடலாமா?

நிறுத்துங்கள். இதுதான் ஸ்குவிப். மருந்தே விழாத தோட்டாவில்கூட ப்ரைமர் மட்டும் வெடித்துப் புல்லட்டைக் குழலுக்குள் தள்ளிவிடும். அதன்மேல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் உப்பும், சில சமயம் வெடிக்கும். டைமர் ஓடுகிற பரபரப்பில் கை தானாக அடுத்த ஹேமரை இழுக்கும், அங்கேதான் பழக்கம் வேண்டும். சத்தம் மாறினால், உதைப்பு மாறினால், தகட்டில் மணி கேட்கவில்லை என்றால் நின்றுவிடுங்கள். டைமர் வைத்திருப்பவர் நிறுத்தச் சொன்னால் வாதாடாதீர்கள். அந்தத் துப்பாக்கியைப் பத்திரமாகக் கொடுத்துவிட்டு, சுடாத தோட்டாக்களை மிஸ்ஸாக ஏற்றுக்கொண்டு அடுத்த துப்பாக்கிக்குப் போகலாம். பிறகு காலி செய்துவிட்டு, குழல் அளவுக்குப் பொருந்தும் பித்தளைக் கம்பியால் தட்டி எடுக்க வேண்டும்.

புல்லட் முனை கூர்மையா இருந்தா நல்லா போகும்தானே?

லீவர் ரைஃபிளில் வேண்டவே வேண்டாம். குழாய் வடிவ மேகசினில் தோட்டாக்கள் ஒன்றின் பின் ஒன்றாகப் படுத்திருக்கும், பின்னால் உள்ளதன் முனை முன்னால் உள்ளதன் ப்ரைமர்மேல் அழுத்தும். கூர்முனை என்றால் உதைப்பில் மேகசினுக்குள்ளேயே வெடிக்கலாம். தட்டை முனைப் புல்லட்தான் வாங்க வேண்டும்.

என் ரீலோடு ரிவால்வர்ல சரியா இருக்கு, ரைஃபிள்ல மட்டும் சிக்குது. ஏன்?

பெரும்பாலும் நீளம். 1873 ரைஃபிளில் தோட்டாவை மேலே தூக்கும் கட்டை அளவாக வெட்டப்பட்டது. தோட்டா நீளமாக இருந்தால் கட்டை ஏறாது, குட்டையாக இருந்தால் அடுத்த தோட்டாவின் விளிம்பு உள்ளே எட்டிப் பார்த்துப் பூட்டிக்கொள்ளும். சரியாக ஓடும் ஒரு தோட்டாவை அளந்து, மருந்தும் ப்ரைமரும் இல்லாத மாதிரித் தோட்டா செய்து லீவரை மெதுவாக ஆட்டிப் பார்த்து, அந்த நீளத்திலேயே டையைப் பூட்டுங்கள். நீளத்தைக் குறைத்தால் அழுத்தம் ஏறும், அதனால் கையேட்டு நீளத்தைவிட ஆழமாகப் போகாதீர்கள்.

இரண்டாவது, கிரிம்ப். புல்லட்டின் பள்ளத்துக்குள் கூட்டின் வாய் மடங்கி உட்காரவில்லை என்றால் மேகசின் ஸ்பிரிங் புல்லட்டை உள்ளே தள்ளும், ரிவால்வரில் உதைப்பு அதை வெளியே இழுத்து உருளையை நிறுத்தும். மூன்றாவது, மேலே துருத்திய ப்ரைமர். பெட்டியில் அடுக்கும்போது ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் விரலை ஓட்டுங்கள், விளிம்பைவிட ஒரு மயிரிழை உள்ளே இருக்க வேண்டும். வெளியே தட்டுப்பட்டால் அது தனிப் பெட்டிக்கு.

முதல் அடியில வெடிக்கல, ரெண்டாவது அடியில வெடிக்குது.

ப்ரைமர் முழுதாக உட்காரவில்லை. முதல் அடி அதை உட்கார வைக்கிறது, இரண்டாவது வெடிக்கிறது. நன்றாக அழுத்தியும் இப்படியென்றால் துப்பாக்கியில் ஸ்பிரிங்கை இளக்கியிருப்பார்கள். அந்த மாதிரித் துப்பாக்கிக்கு ஃபெடரல் ப்ரைமர் ஒத்துப்போகும், அது மற்றவற்றைவிட மென்மை. அது கிடைக்காத காலத்தில் ஸ்பிரிங்கை மாற்றுவதுதான் வழி.

கருமருந்து சுடறவங்களைப் பார்த்தேன், புகை, நெருப்பு, அடேங்கப்பா! நானும் போகலாமா?

போகலாம், அந்த இன்பமே தனி. அதற்கென்று ‘ஃப்ரான்டியர் கார்ட்ரிஜ்’ பிரிவே இருக்கிறது. விதி முற்றிலும் வேறு: புகையில்லா மருந்துக்குக் கூட்டில் வெற்றிடம் இருக்கலாம், கருமருந்துக்கு இருக்கவே கூடாது. புல்லட் மருந்தைத் தொட்டு லேசாக அழுத்தியபடி உட்கார வேண்டும். கருமருந்து நிலைமின்னுக்கும் பொறிக்கும் சட்டென்று பற்றும், அதனால் அதற்கென்று செய்த அளவியில் மட்டும் போடுங்கள். கருமருந்துத் துப்பாக்கியில் புகையில்லா மருந்து ஒருபோதும் கூடாது.

சுட்ட அன்றைக்கே கழுவ வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை. கரியில் உள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும். பெரிய ரசாயனம் வேண்டாம், தண்ணீரே போதும். துடைத்து உலர்த்தி எண்ணெய் தடவுங்கள். கூடுகளையும் அன்றே நீரில் போட்டுவிடுங்கள்.

ஈயம் உடம்புக்குக் கெடுதலாச்சே. குழந்தைங்க இருக்கற வீடு.

கெடுதல்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். புல்லட்டைத் தொடுவதைவிட மோசமானது தூசி. சுட்ட ப்ரைமரின் மிச்சத்தில் ஈயம் இருக்கும், கூடுகளை உலர் முறையில் குலுக்கிச் சுத்தம் செய்யும்போது அது காற்றில் கலக்கும். குலுக்கும் இயந்திரத்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள், அல்லது எஃகு ஊசியும் தண்ணீரும் போட்டுச் சுழற்றும் ஈர முறைக்கு மாறுங்கள், எந்த முறையானாலும் மிஞ்சும் கழிவைக் கவனமாக அகற்றுங்கள். மேசையில் காபி, முறுக்கு எதுவும் வேண்டாம். முடித்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், உடையை மாற்றிய பிறகு குழந்தையைத் தூக்குங்கள். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் அந்த அறைக்கு வரவே கூடாது. ஆண்டுக்கு ஒரு முறை ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள், எளிய பரிசோதனைதான்.

மருந்தும் ப்ரைமரும் வீட்டுல வைக்கறது சட்டப்படி சரியா?

சொந்த உபயோகத்துக்குச் சரி, அளவுக்கு உள்ளூர் தீயணைப்பு விதி இருக்கும், உங்கள் ஊர் விதியைப் பாருங்கள். இரண்டையும் வந்த டப்பாவிலேயே வைக்க வேண்டும். ப்ரைமரைக் கண்ணாடிப் புட்டியில் கொட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், அதைவிடப் பெரிய பைத்தியக்காரத்தனம் இல்லை. ஒன்று வெடித்தால் மொத்தமும் வெடிக்கும், அட்டைப் பெட்டியில் தனித்தனியாக அடுக்குவதே அதற்காகத்தான். அரிசோனா கோடையில் கராஜில் வைக்காதீர்கள், வீட்டுக்குள் குளிர்ந்த, பூட்டிய இடம் தேவை.

நண்பர் செஞ்சு கொடுத்த தோட்டாவைச் சுடலாமா? நானே செஞ்சு வித்தா கொஞ்சம் காசு பார்க்கலாமே?

முதல் கேள்விக்கு: பயிற்சிக்கு இரவல் துப்பாக்கியோடு அவர் கொடுத்தால், அது அவர் துப்பாக்கிக்கு அவர் செய்தது, அவர் எப்படிச் செய்கிறார் என்று உங்களுக்குத் தெரியும், சரி. யாரோ ஒருவர் பொதுவாக விற்கும் ரீலோடை உங்கள் துப்பாக்கியில் போடாதீர்கள். மேலே இரட்டை மருந்து பற்றிச் சொன்னதை அவர் செய்தாரா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டாவதற்கு: தனக்காகச் செய்ய உரிமம் வேண்டாம், விற்கத் தொடங்கினால் மத்திய அரசின் தோட்டா உற்பத்தி உரிமம் வேண்டும்.

போட்டிக்கு விமானத்துல போனா தோட்டா கொண்டு போகலாமா? அப்படியே ஊருக்குப் போகும்போது ஒரு காலிக் கூடு, ஞாபகத்துக்கு?

அமெரிக்காவுக்குள் தோட்டாவைச் சரியான பெட்டியில் அடைத்து, சரக்குப் பையில் மட்டும், பெரும்பாலான விமானங்களில் 5 கிலோ வரை கொண்டு போகலாம். மருந்தும் ப்ரைமரும் எந்தப் பையிலும் கூடாது.

சென்னைக்கு ஒன்றுமே வேண்டாம், ஒற்றைக் காலிக் கூடுகூட. இந்திய ஆயுதச் சட்டம் 1959, தோட்டாவின் பாகங்களையும் தோட்டா என்றே கணக்கில் எடுக்கிறது. பையின் அடியில் மறந்து கிடந்த ஒரு தோட்டாவுக்காக விமான நிலையத்தில் வழக்கில் மாட்டியவர்கள் உண்டு. மைதானத்துக்கு எடுத்துப்போன பையை ஊருக்குப் போகும் பயணத்துக்கு எடுக்காதீர்கள். காலிக் கூடுகள் தையல் மடிப்பில் ஒளிந்துகொள்ளும், ஜாக்கெட் பையிலும் இருக்கும், காரின் இருக்கைக்கு அடியிலிருந்தும் பைக்குள் உருண்டு வரும். ஊரில் யாராவது ஆசைப்பட்டுக் கேட்டால் படம் எடுத்து அனுப்புங்கள்.